கடலுக்குக் கணக்கு எழுதியவர்கள்

கடலைப் பற்றி எழுதாத கவிஞன் கிடையாது. அலை, நிலா, ஓடம், பிரிவு என்று எல்லாம் எழுதியாகிவிட்டது. ஆனால் அத்தனையும் கரையில் நின்றுகொண்டு எழுதியவை. கடலின் மேனியைத்தான் அவர்கள் பார்த்தார்கள், வயிற்றைப் பார்க்கவில்லை. "உள்ளே எத்தனை மீன் இருக்கிறது?" என்று யாரையாவது கேட்டால், "பிடித்துப் பார்த்தால் தெரியும்" என்பதே நெடுங்காலம் வரை பதிலாக இருந்தது. பிடித்துப் பார்த்த பிறகு அந்த மீன் அங்கே இல்லை என்பது வேறு விஷயம்!

பிடிக்காமல் எண்ணுவது எப்படி என்று மனிதன் கற்றுக்கொண்ட கதை ஒன்று உண்டு. அது மிகவும் சமீப காலத்துக் கதை. அதில் ஒரு கப்பல் வருகிறது. ஒரு மாமனார் வருகிறார். நகையை விற்ற ஒரு மனைவி வருகிறாள். நாவல் எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தக் கதையில் ருசி ஏற்பட்டதற்கு இவ்வளவு போதாதா?

முழுகி எண்ணும் தொழில் நமக்கு முற்றிலும் புதிதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு நடத்துவதற்கு முன்னால், சர்க்கார் அதிகாரிகள் முக்குளிப்பவர்களை இறக்கி, பாரில் எவ்வளவு சிப்பி இருக்கிறது, அதற்கு என்ன வயது என்று மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கிய பரவர்களும் அராபியரும் கொண்டுவந்து கொட்டிய சிப்பியை வைத்துத்தான் அந்த மதிப்பீடு. 1905-ல் இலங்கைக் கரையில், மரிச்சுக்கட்டியில், ஒரே பருவத்தில் எட்டுக் கோடிச் சிப்பி எடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு குளித்தவனுக்கு. மீதி இரண்டு பங்கு சர்க்காருக்கு. அதை அன்றன்று மாலையில் ஏலம் போட்டார்கள். ஆக, கணக்கு இருந்தது. ஆனால் அது மண்டிக்காரரின் கணக்கு. விற்பதற்காக எண்ணினார்கள். அதற்குப் பிறகு இரண்டொரு வருஷத்திலேயே பார்கள் வறண்டுபோய், குத்தகை எடுத்த வெள்ளைக்காரக் கம்பெனி கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

மூச்சை அடக்கிக்கொண்டு போகிறவன் கடலடியில் என்ன பார்க்க முடியும்? ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷம். கிணற்றில் குதித்து அடியில் கிடக்கும் சொம்பை எடுத்து வந்தவர்களுக்கு இந்த அவசரம் தெரியும். நானும் அந்தக் கட்சிதான். அந்த அவசரத்தில் சொம்பைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. நின்று, நிதானித்து, "இது யார், இது என்ன செய்கிறது?" என்று பார்க்க வேண்டுமானால், காற்றையும் கூடவே எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

அதற்கு வழி பிறந்தது, ஆச்சரியம் என்னவென்றால், பெட்ரோல் பஞ்சத்தில்!

இரண்டாவது உலக யுத்தம். பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. பெட்ரோல் கிடைக்காததால் மோட்டார் வண்டிகளைக் கரிவாயுவில் ஓட்டிக் கொண்டிருந்தார்கள். என்ஜின் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு வாயுவை மட்டும் விடுவதற்கு ஒரு சின்ன வால்வு தேவைப்பட்டது. ஏர் லிகிட் என்ற கம்பெனியில் வேலை பார்த்த எமீல் கானியான் என்ற எஞ்சினீயர் அதைச் செய்து வைத்திருந்தார். பிரெஞ்சுக் கடற்படையில் ழாக் கூஸ்தோ என்று ஓர் அதிகாரி. விமானமோட்டியாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். 1936-ல் கார் விபத்தில் கைகள் முறிந்து அந்த ஆசை மண்ணாயிற்று. கையைச் சரிப்படுத்திக்கொள்ள நீந்தப் போனவர், கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தார். பிறகு அவர் கரைக்குத் திரும்பவே இல்லை என்று சொல்லலாம்.

கூஸ்தோவின் மனைவி ஸிமோன். அவளுடைய தகப்பனாருக்கு ஏர் லிகிட் கம்பெனியில் பெரிய உத்தியோகம். மாப்பிள்ளை தண்ணீருக்குள் மூச்சுவிட வேண்டும் என்று பிதற்றுகிறார். நம் ஊர் மாமனாராயிருந்தால், "ஜாதகத்தைச் சரியாகப் பார்க்காமல் கொடுத்துவிட்டோமே" என்று வருத்தப்பட்டிருப்பார். இந்த மாமனார் எஞ்சினீயரிடம் அறிமுகப்படுத்தி வைத்தார். என்ஜின் கேட்கும்போது வாயு விடுகிற வால்வு, மனிதன் கேட்கும்போது காற்று விடாதா? விட்டது. ஆனால் உடனே அல்ல. 1943-ன் தொடக்கத்தில், குளிரில், மார்ன் நதியில் சோதித்தார்கள். படுத்து நீந்தினால் சுகமாக மூச்சு வந்தது; நிமிர்ந்தால் காற்று வீணாகக் கொப்பளித்தது; தலைகீழானால் இழுக்கவே முடியவில்லை. மூச்சு வெளியேறும் வாயும் காற்று வரும் வாயும் வேறு வேறு உயரத்தில் இருந்ததுதான் காரணம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் சரியாகிவிட்டது. அந்த வருஷம் ஜூன் மாதம் பிரான்ஸின் தென்கரையில் கூஸ்தோ இறங்கினார். மேலே மிதந்துகொண்டு, கண்ணாடி வழியாக அவரைக் கண்காணித்துக்கொண்டிருந்தவள் ஸிமோன்.

இன்று உலகெங்கும் 'ஸ்கூபா' என்று வழங்கும் சாதனத்தின் பிறப்பு இதுதான்.

புதுக் கருவி கிடைத்தால் மனிதன் முதலில் என்ன செய்வான்? எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்பான். இவர்களும் அப்படியே. ஆழம் அதிகரிக்க அதிகரிக்க, காற்றிலுள்ள நைட்ரஜன் கள்ளைப்போல மயக்குகிறது என்பதைத் தங்கள் உடம்பிலேயே கண்டறிந்தார்கள். ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, அதில் குறிப்பிட்ட ஆழங்களில் சிலேட்டுகளைக் கட்டி வைத்தார்கள். இறங்குகிறவன் தான் எட்டிய இடத்துச் சிலேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். 1947-ல் மாரிஸ் ஃபார்க் என்பவர் இறங்கினார். சிறிது நேரத்தில் சமிக்ஞை நின்றது. மேலே இழுத்தபோது வாயிலிருந்து காற்றுக் குழாய் நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. பல மணி நேரம் போராடியும் உயிர் திரும்பவில்லை. கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். 120 மீட்டர் ஆழத்துச் சிலேட்டில் அவருடைய கையெழுத்து இருந்தது.

அந்தச் சிலேட்டை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சிலேட்டு மறுபடியும் வரப்போகிறது. அப்போது அதில் எழுதப்படுவது வேறு.

யுத்தம் முடிந்தது. கூஸ்தோவுக்கு ஒரு கப்பல் வேண்டியிருந்தது. மால்ட்டாவுக்கும் அடுத்த தீவான கோஸோவுக்கும் இடையே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது 'கலிப்ஸோ' என்ற மரக்கப்பல். அமெரிக்காவில் ஸியாட்டில் நகரில், கடலில் மிதக்கும் கண்ணிவெடிகளை அகற்றுவதற்காகக் கட்டப்பட்டது. இரும்புக் கப்பலானால் காந்தக் கண்ணிவெடி இழுத்துக்கொள்ளும் அல்லவா? அதனால்தான் மரம். 1950-ல் லோயல் கின்னஸ் என்ற செல்வர் அதை விலைக்கு வாங்கி, வருஷத்துக்கு ஒரு பிராங்க் வாடகைக்குக் கூஸ்தோவிடம் கொடுத்தார். வாடகை ஒரு பிராங்க்தான்; ஆனால் அதைக் கடலாராய்ச்சிக் கப்பலாக மாற்றுவதற்கு? எண்ணெய்க்கு? கருவிக்கு?

இங்கேதான் ஸிமோன் தன் நகைகளையும், விலையுயர்ந்த ரோம அங்கிகளையும் விற்றாள்.

கதைகளில் மனைவி நகையை விற்கும் கட்டம் எனக்கு நன்றாகத் தெரிந்த கட்டம். புருஷன் கடன்காரனாக இருப்பான், அல்லது பிள்ளைக்குக் காலேஜ் சம்பளம் கட்டவேண்டியிருக்கும். நகை போன பிறகு அவள் சமையலறைக்குத் திரும்பிவிடுவாள். கதை புருஷனோடு போய்விடும். ஸிமோன் அப்படித் திரும்பவில்லை. கப்பலிலேயே ஏறிவிட்டாள். 1951-ல் செங்கடலுக்குப் போன முதல் ஆராய்ச்சிப் பயணத்திலிருந்து, புருஷனைவிட அதிக நாள் அந்தக் கப்பலில் வாழ்ந்தவள் அவள்தான். அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் ஒரே பெண். காய்ச்சல்காரனுக்கு மருந்து, சண்டைக்காரனுக்குப் புத்தி, சாமான் அறைக்குக் கணக்கு, எல்லாம் அவள் பொறுப்பு. மாலுமிகள் அவளுக்கு 'இடைச்சி' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். மந்தை மேய்ப்பவள் என்ற பொருளில். கேமரா வந்தால் மட்டும் ஒதுங்கிவிடுவாள். கலிப்ஸோவின் படங்களைப் பார்த்த கோடிக்கணக்கான ஜனங்களுக்குச் சிவப்புக் குல்லாய் போட்ட கூஸ்தோவைத் தெரியும், அவளைத் தெரியாது.

அந்தக் கப்பல் வாழ்க்கையை நாம் சொகுசு என்று நினைத்துவிடக் கூடாது. நாற்பது மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள மரக்கூடு. மூக்குப் பகுதியில், நீர்மட்டத்துக்குக் கீழே, கண்ணாடி சன்னல் வைத்த ஓர் அறை; தளத்தின் நடுவே தண்ணீருக்குள் இறங்க ஒரு கிணறு. சம்பளத்தை எதிர்பாராமல் வந்து சேர்ந்த நண்பர்களும் அதில் இருந்தார்கள். உப்பும் ஈரமும் எண்ணெய் நாற்றமும் எந்நேரமும் கூட இருக்கும். போதாததற்கு, முழுகி எழுகிறவனின் உடம்புக்கென்று ஒரு தனிச் சாஸ்திரம் உண்டு. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும். முப்பது மீட்டரில் நாலு மடங்கு. அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துவிடும். கோலி சோடாவின் குண்டைத் தட்டினால் என்ன ஆகிறது? பொங்குகிறது. அவசரப்பட்டு மேலே வருகிறவனின் ரத்தமும் அப்படித்தான் பொங்கும், மூட்டுகள் முடங்கும், உயிரும் போகலாம். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால், எங்கெங்கே நின்று நின்று மேலே வரவேண்டும் என்பதற்கு ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1908-ல் ஆடுகளை வைத்துச் சோதித்து வாய்பாடு போட்டார். கடலில் முழுகுகிறவனுக்கு அதுதான் வேதம். நிதானம் இல்லாதவனுக்கு அந்த உலகத்தில் இடமில்லை.

ஆனால் நிதானமும் உடனே வந்துவிடவில்லை. 1952-ல் மார்ஸேய் துறைமுகத்துக்கு வெளியே, கிராண்ட் காங்லுவே என்ற பாறைத் தீவின் அடியில், ரோமானியர் காலத்துக் கப்பல் ஒன்றைக் கண்டார்கள். உள்ளே திராட்சை மது ஜாடிகள் ஆயிரக்கணக்கில். வருஷக்கணக்கில் உழைத்து எடுத்தார்கள். அந்த வேலையில் ஓர் இளைஞர் உயிரையும் கொடுத்தார். ஆராய்ச்சிக்குப் பொறுப்பாயிருந்த புராதன சாஸ்திரியோ முழுகத் தெரியாதவர், மேலேயே உட்கார்ந்திருந்தார். எந்த ஜாடி எந்த இடத்தில், எதற்கு மேல், எதற்குக் கீழ் கிடந்தது என்று யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து, 1980-களில் பழைய சாமான்களை மறுபடி ஆராய்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது: அங்கே கிடந்தது ஒரு கப்பல் அல்ல, சுமார் நூறு வருஷ இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூழ்கிய இரண்டு கப்பல்கள்! தைரியத்துக்குக் குறைவில்லை. உழைப்புக்குக் குறைவில்லை. ஒரு பென்சிலும் பொறுமையும்தான் குறைவு.

1956-ல் 'மௌன உலகம்' என்ற அவர்களுடைய படம் வெளிவந்தது. கான் பட விழாவில் முதல் பரிசு. மறு வருஷம் ஆஸ்கார். உலகமே வாய்பிளந்தது. இப்போது அதைப் போட்டுப் பார்க்கிறவர்கள் வேறு காரணத்துக்காக வாய்பிளக்கிறார்கள். ஒரு கட்டத்தில் பவளப்பாறையில் வெடி வைக்கிறார்கள். அங்கே வாழும் மீன் இனங்கள் அத்தனையையும் கணக்கெடுக்க இதுதான் வழி என்று விளக்கமும் சொல்லுகிறார்கள். செத்து மிதப்பவற்றைப் பொறுக்கி வரிசையாக அடுக்குகிறார்கள். இன்னொரு கட்டத்தில் கப்பலின் புரொப்பெல்லர் ஒரு திமிங்கிலக் குட்டியைக் கிழித்துவிடுகிறது. ரத்த வாடைக்குச் சுறாக்கள் வருகின்றன. மாலுமிகளுக்கு ஆத்திரம் பொங்குகிறது. சுறாக்களைத் தளத்தின்மேல் இழுத்துப் போட்டு அடித்தே கொல்லுகிறார்கள்.

இதைச் சொல்லி அவர்களைத் தூக்கில் போடவேண்டும் என்பது என் எண்ணமல்ல. 1956-ல் படம் பார்த்தவர்கள் கைதட்டினார்கள். நாமும் அங்கே இருந்திருந்தால் தட்டியிருப்போம். கடல் வற்றாது, மீன் தீராது என்பதே அன்று எல்லோருடைய நம்பிக்கையும். பின்னாளில் கடலைக் காப்பாற்றுங்கள் என்று உலகமெல்லாம் சுற்றி மன்றாடியவரும் அதே கூஸ்தோதான். ஆனால் ஒரு கேள்வி அந்தப் படத்தில் தொக்கி நிற்கிறது. எண்ணுவதற்காகக் கொன்றால், எண்ணிய பிறகு மிச்சம் என்ன?

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் பெரிய விஞ்ஞானிகள் மட்டுமல்ல. வாத்தியார்கள், குமாஸ்தாக்கள், நர்ஸுகள், ஓய்வுபெற்றவர்கள். விடுமுறைக்கு ஸ்கூபா கட்டிக்கொண்டு முழுகக் கிளம்பியவர்கள். 1990-ல் அமெரிக்காவில், மீன்களைப் படம் பிடித்துப் புத்தகம் போட்டுக்கொண்டிருந்த பால் ஹ்யூமன், நெட் டிலோச் என்ற இரண்டு பேர், 'ரீஃப்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பறவை பார்ப்பவர்கள் பறவைகளை எண்ணி எழுதி அனுப்புகிறார்களே, மீன் பார்ப்பவர்கள் ஏன் எண்ணக்கூடாது என்பது அவர்கள் யோசனை. 1993-ல் ஃப்ளாரிடாக் கரையில் முதல் கணக்கெடுப்பு நடந்தது.

அவர்கள் கையில் இருந்த கருவி என்ன தெரியுமா? சிலேட்டு! தண்ணீரில் எழுதக்கூடிய பிளாஸ்டிக் சிலேட்டும் ஒரு பென்சிலும்.

"விடுமுறைக்கு வந்தவன் எண்ணுகிற எண்ணிக்கை எந்த லட்சணத்தில் இருக்கும்?" என்று கேட்கலாம். விஞ்ஞானிகளும் கேட்டார்கள். அதற்கு அவர்கள் கண்ட உபாயம் மிகவும் கெட்டிக்காரத்தனமானது. துல்லியமாக எண்ணாதே என்றார்கள். ஒன்று பார்த்தாயா, 'ஒன்று' என்று எழுது. இரண்டு முதல் பத்து வரையா, 'சில'. பதினொன்று முதல் நூறு வரையா, 'பல'. நூறுக்கு மேலா, 'ஏராளம்'. அவ்வளவுதான். சந்தையில் தக்காளியைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த எவனுக்கும் இது முடியும். ஒருவன் கணக்கில் பிசகு இருக்கலாம். ஒரே இடத்தில், ஆயிரம் பேர், வருஷா வருஷம் எழுதினால், பிசகுகள் ஒன்றையொன்று தின்று, உண்மை மேலே மிதக்கிறது. இப்படிச் சேர்ந்த கணக்குகள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன.

1997-ல் 'ரீஃப் செக்' என்ற மற்றோர் இயக்கம் உலகம் முழுவதும் பவளப்பாறைகளைப் பார்க்கப் புறப்பட்டது. முதல் வருஷமே முப்பது நாடுகளுக்கு மேல். அவர்கள் முறையில் நூறு மீட்டர் டேப்பைப் பாறைமேல் விரித்து, அதை இருபது இருபது மீட்டராக நாலு துண்டாகப் பிரித்து, அரை மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் 160 புள்ளிகளில் கீழே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும்: உயிருள்ள பவளமா, செத்ததா, மணலா, பாசியா. கேட்பதற்கு நம் கிராமத்துக் கர்ணம் நிலம் அளப்பதுபோல் இருக்கிறது அல்லவா? அதுவேதான். கடலுக்கு அடங்கல் எழுதுகிறார்கள்!

இந்தத் தொண்டர்களுக்குச் சம்பளம் இல்லை என்பதோடு போகவில்லை. படகில் தங்கவும் சாப்பிடவும் முழுகவும் தங்கள் கையிலிருந்து பணம் கொடுக்கிறார்கள். காலையில் ஒரு முழுக்கு, கரைந்த நைட்ரஜன் வெளியேறும்வரை ஓய்வு, மறுபடி முழுக்கு. இரவில், ஆடுகிற விளக்கொளியில், சிலேட்டில் கிறுக்கியதைத் தாளில் ஏற்றுவது. காசு கொடுத்துக் குமாஸ்தா வேலை பார்க்கும் மனிதர்களை வேறெங்கே பார்க்க முடியும்?

இதனால் ஆனது என்ன? ஒரே ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறேன்.

கரீபியன் கடலில் லிட்டில் கேமன் என்று ஒரு குட்டித் தீவு. அந்தப் பக்கத்துக் கடல்களில் நாசோ களவா என்று ஒரு மீன், நம் களவா மீனின் ஜாதி. வருஷமெல்லாம் தனித்தனியாகப் பாறை இடுக்கில் குடியிருக்கும். குளிர்காலத்துப் பௌர்ணமி வந்தால் மட்டும், எங்கெங்கிருந்தோ புறப்பட்டு, தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் கூடும். நிறம் மாறும். பௌர்ணமி கழிந்த சில நாளில், சூரியன் அஸ்தமிக்கும் வேளையில், கூட்டம் கூட்டமாக மேலெழும்பி முட்டையிடும். கல்யாணக் கும்பல்தான், வேறென்ன! ஆனால் எல்லோரும் ஒரே பந்தலில் கூடியிருக்கும்போது வலை விரிப்பவனுக்கு வேலை சுலபம். கரீபியன் முழுவதும் இப்படிப்பட்ட பந்தல்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டு வந்தன.

2001-ல் லிட்டில் கேமனின் மேற்கு முனையில் மீனவர்கள் அப்படி ஒரு கூட்டத்தைக் கண்டார்கள். சுமார் 7,000 மீன். இரண்டே பருவத்தில் 4,000 மீனைப் பிடித்துவிட்டார்கள். இன்னும் ஒன்றிரண்டு வருஷம் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். தீவின் சுற்றுச்சூழல் இலாகாவும் ரீஃப் சங்கத்தாரும் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். வருஷந்தோறும் அந்தப் பௌர்ணமிக்குத் தொண்டர்கள் வந்தார்கள். அலை கொந்தளிக்கும் பருவம்; ஆழமான சரிவு; அந்திக் கருக்கல். முழுகினார்கள், எண்ணினார்கள், படம் பிடித்தார்கள். 2003-ல் கூடுமிடங்களில் மீன் பிடிக்கத் தடை வந்தது. 2016-ல், டிசம்பர் முதல் ஏப்ரல் முடிய அந்த மீனையே பிடிக்கக்கூடாது என்று சட்டமாயிற்று. மீன் உடனே பெருகிவிட்டதா? இல்லை. பல வருஷம் ஒன்றும் தெரியவில்லை. களவா நிதானமாக வளர்கிற மீன். மீனவர்களின் முணுமுணுப்பில் நியாயம் இருந்தது: வயிற்றுக்கு விதித்த தடை அல்லவா அது? ஆனால் எண்ணுவதை யாரும் நிறுத்தவில்லை. கடைசியில் 2020-ல் வெளியான ஆராய்ச்சி முடிவு சொல்லிற்று: தாழ்ந்து கிடந்த எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. எண்ணாமல் விட்டிருந்தால், "தடை போட்டும் பலனில்லை" என்று நடுவிலேயே சட்டத்தைத் தூக்கிப்போட்டிருப்பார்கள்.

நம் மன்னார் வளைகுடாவிலோ எண்ணத் தொடங்குவதற்கு முன்பே இரண்டு தீவுகள் போய்விட்டன. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்பவை அவற்றின் பெயர்கள். சுண்ணாம்புக்காகப் பல வருஷம் பவளத்தை வெட்டி எடுத்ததில் அவை தண்ணீருக்கடியில் ஆழ்ந்துவிட்டன. நம் வீட்டுச் சுவர்களில் எதிலாவது அந்தச் சுண்ணாம்பு இருக்கக்கூடும். 2001-ல்தான் பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. அதன் பிறகு தூத்துக்குடி விஞ்ஞானிகள் ஸ்கூபா கட்டிக்கொண்டு தீவு தீவாக முழுகி, எங்கே எவ்வளவு பவளம் உயிரோடிருக்கிறது என்று எழுதி வைத்தார்கள். 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது, எவ்வளவு போயிற்று என்று சொல்ல முடிந்தது அந்தக் கணக்கு இருந்ததால்தான். எண்ணுவதால் கடலின் சூடு தணியாது என்பது உண்மைதான். ஆனால் ஐந்தொகை தெரியாத வீட்டில் திருட்டுப் போனால், என்ன போயிற்று என்று போலீஸுக்குக்கூடச் சொல்ல முடியாதே!

ஸிமோன் 1990 டிசம்பரில் காலமானாள். அவள் அஸ்தியை மொனாக்கோவுக்கு அருகே கடலில் கரைத்தார்கள். கூஸ்தோவுக்கு வேறொரு குடும்பமும் இரண்டு குழந்தைகளும் உண்டு என்பது அதற்குப் பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. மறு வருஷம் அவர் அந்தப் பெண்ணை மணந்துகொண்டார். 1996 ஜனவரி 8-ந் தேதி சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு பார்ஜ் மோதிக் கலிப்ஸோ மூழ்கிற்று. மேலே எடுத்தார்கள், ஆனால் அது மறுபடி கடலோடவில்லை. அடுத்த வருஷம் ஜூனில் கூஸ்தோவும் போனார். அதே 1997-ல்தான் உலகமெங்கும் அறிமுகமற்ற ஜனங்கள் டேப்பும் சிலேட்டுமாகப் பவளப்பாறைகளில் முதன்முதலாக இறங்கினார்கள்.

கூஸ்தோவின் பெயர் சரித்திரத்தில் நிற்கும்; நிற்கவேண்டியதுதான். ஆனால் இந்தச் சரித்திரத்தைப் படித்து முடித்ததும் என் மனம் போவது மற்றவர்களிடம். வால்வைச் செய்த எஞ்சினீயர், கயிற்றின் அடியில் கையெழுத்துப் போட்டவர், நகையை விற்றுக் கப்பலைச் சீர்ப்படுத்த உதவிவிட்டுக் கேமராவுக்கு ஒதுங்கி நின்றவள், லீவு போட்டு வந்து 'சில', 'பல' என்று சிலேட்டில் எழுதிய பெயர் தெரியாத வாத்தியாரம்மா. வருகிற தைப் பௌர்ணமியிலும் களவா மீன்கள் லிட்டில் கேமனுக்கு வரும். வந்தவை எத்தனை என்று அவற்றுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்காக யாரோ ஒருவர் இப்போதே பயணச் சீட்டுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருப்பார்.